புளி வேண்டாம்!

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு காசுகள் கிடைத்தன. ஒன்று, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி காசு. கோடி பெறும் என்கிறார்கள். மற்றொன்று, கறுத்துப்போன 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய். புளி போட்டுத் தேய்த்தால் நல்ல விலை வருமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் அந்தப் புளியை ரசத்துக்குக் கொடுத்துவிடுங்கள்! கறுப்பு அழுக்கல்ல, வெள்ளிக்கு வயது தந்த நிறம். சேகரிப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். தேய்த்தால் விழும் மயிரிழைக் கீறலைப் பூதக்கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும், விலையும் விழும்.

நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அசல் எடை 11.66 கிராம். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். காந்தத்தில் ஒட்டினாலோ, விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினாலோ போலி. அடுத்து ராணியின் முகம். கன்னமும் புருவத்துக்கு மேலுள்ள கூந்தலும் கூர்மையாக இருந்தால் தரம் உயரும். 1862 என்றிருந்தாலும் அந்த ஆண்டே அடித்தது என்று நம்பிவிடாதீர்கள். 1874 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். பின்புறப் புள்ளிகளை எண்ணித்தான் ரகம் பிரிப்பார்கள், அதில்தான் சுவாரசியமே!

ராமர் காசு? கம்பெனி சென்னையில் அடித்த தங்க வராகனில் பெருமாள் உண்டு. ஆனால் ராமர் பட்டாபிஷேகக் காசை அது அடித்ததே இல்லை. பின்னாளில் யாரோ செய்த வில்லை அது. கோடி தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்பவரிடம் ஏமாறாதீர்கள். இத்தகைய மோசடி பற்றி 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. ராமரைப் பூஜையறையில் வையுங்கள், ராணியை நல்ல உறையில்.