கிராக்கிளுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், ஐயா

பெறுநர்: உயர்திரு வனவிலங்கு அதிகாரி அவர்கள், அமெரிக்காவின் கிழக்கு மாநிலம் ஒன்று.

பொருள்: புழக்கடைத் தீனித் தட்டில் நடக்கும் பகல் கொள்ளை தொடர்பாக.

ஐயா,

"பறவைகளுக்கு உணவிடுங்கள்" என்று தங்கள் அலுவலகம் வண்ணத்தில் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைப் படித்து, மனம் இளகிப்போன குடிமக்களில் நானும் ஒருவன். புழக்கடையில் உயரமாகக் கம்பம் நட்டு, சுரைக்குடுக்கை கட்டி, ஊதா மார்ட்டின்களைக் குடிவைத்திருக்கிறேன். ராக்கி மலைக்குக் கிழக்கே இந்தத் தகைவிலான்கள் ஏறக்குறைய முழுக்க முழுக்க மனிதன் கொடுத்த வீட்டில்தான் முட்டையிடுகின்றன. பூர்வகுடிகள் குடுக்கை கட்டித் தொடங்கிவைத்த உபசாரம் அது. பிரேசில் பக்கமிருந்து வருகிற விருந்தாளிகள். வாடகை கேட்க முடியாது. ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசு தின்னும் என்று கூடு விற்றவர்கள் ஒருகாலத்தில் அளந்தார்கள். அதுவோ உயரத்தில் பறந்து தும்பியையும் வண்டையும் பிடிக்கிறது. கொசு கீழே என் காலில் இருக்கிறது.

வசந்தத்தின் தொடக்கத்தில் குளிர் திரும்பி, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பூச்சி பறக்காது. அப்படியே சில நாள் நீடித்தால் மார்ட்டின் பட்டினியில் சாகும். ஆகவே கிண்டிய முட்டையும் சுவர்க்கோழிப் பூச்சியும் தட்டில் வைக்கிறேன். ஆனால் பறப்பதைப் பிடித்தே வளர்ந்த பறவைக்குத் தட்டில் கிடப்பது உணவென்று தெரியாது. பிளாஸ்டிக் கரண்டியால் ஒவ்வொரு பூச்சியாக அதன் முகத்துக்கு நேரே சுண்டிவிட்டுப் பழக்க வேண்டும். அப்போது அண்டை வீட்டார் என்னைப் பார்க்கும் பார்வையை மனுவில் விவரிக்க இயலாது.

ஒருவழியாகப் பழக்கி முடித்தால், கிராக்கிள் என்ற பறவை வந்து உட்காருகிறது. பளபளக்கும் கருப்பு, மஞ்சள் கண், தணிக்கைக்கு வந்த அதிகாரியின் நடை. தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மொத்தத்தையும் வாரிக்கொள்கிறது. முட்டையிடும் மார்ட்டின்களுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே என்று நொறுக்கி வைத்த முட்டை ஓட்டை நீல ஜே என்ற இன்னொரு பறவை கொத்திப்போகிறது.

கையை ஓங்கலாமென்றால் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் குறுக்கே நிற்கிறது. களவாடியவரும் பறிகொடுத்தவரும் அங்கே ஒரே பட்டியல்! 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் யூஜின் ஷீஃப்லின் திறந்துவிட்ட ஐரோப்பிய ஸ்டார்லிங்கும் தட்டுக்கு வருகிறது; அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்காக அது கூச்சப்படுவதாகவும் தெரியவில்லை.

என் முந்தைய மனுவுக்குத் தங்களிடமிருந்து வந்த பதிலில், "தகுந்த மாற்று வழிகளைக் கையாளவும்" என்றிருந்தது. கையாண்டுவிட்டேன். மார்ட்டின் நுழையும், கிராக்கிளின் தோள் நுழையாத கம்பிவலையைத் தட்டைச் சுற்றிக் கட்டினேன். பெரிய பறவைகளை முற்றத்துக்கு அழைத்துவந்த சூரியகாந்தி விதைத் தட்டைக் கழற்றினேன். மார்ட்டின் தின்று போனதும் கப்பிக் கயிற்றை இழுத்துத் தட்டைக் கீழே இறக்கிவிடுகிறேன். கிராக்கிள் இப்போது வெளியே நின்று முறைக்கிறது. ஸ்டார்லிங் ஏறக்குறைய மார்ட்டின் அளவே இருப்பதால் வலைக்குள்ளும் வந்துவிடுகிறது; அதை விரட்ட நானே ஓட வேண்டியிருக்கிறது. காவல்காரன் வேலைக்குச் சம்பளம் கேட்கவில்லை.

கிராக்கிளுக்கு நோட்டீஸ் அனுப்பத் தங்களிடம் முகவரி இராது என்பதும் புரிகிறது. ஆகவே, அடுத்த பதிப்பில் "உணவிடுங்கள்" என்ற வரிக்குக் கீழே, "கம்பிவலை கட்டி, உணவு வேளையில் மட்டும்" என்று இன்னொரு வரி சேர்த்து அச்சிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தட்டுக்காரன்