இரண்டு ஐ-20 படிவங்கள்

அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் இரண்டு பட்டியல்கள் உண்டு. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு என்று செலவு ஒரு பக்கம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு பக்கம்: மாணவரின் சொந்தப் பணம் எவ்வளவு, பல்கலைக்கழகம் தருவது எவ்வளவு, வேறு வகையில் வருவது எவ்வளவு. 1990இல் எனக்கு வந்த படிவத்தில் சொந்தப் பணம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்கு வந்த படிவத்தில், பல்கலைக்கழகம் தருவது என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. வெளிநாட்டுப் படிப்பு இந்த 35 ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கிறது என்பதை இந்த இரண்டு பூஜ்யங்களே சொல்லிவிடுகின்றன.

எங்கள் காலத்தில் பெரிய தடை, எந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாததுதான். மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்து நூலகத்துக்குப் போவோம். தலையணை கனத்துக்கு இருக்கும் பீட்டர்சன்ஸ் கைடைப் புரட்டி முகவரிகளை நோட்டில் எழுதி வருவோம். விண்ணப்பப் படிவம் கேட்டு ஏரோகிராம் போட்டால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பக் கட்டணத்தை டாலரில் கட்ட வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். நினைத்தவுடன் டாலர் வாங்க முடியாது. எங்களுக்கு முந்தைய தலைமுறை 8 டாலரோடு விமானம் ஏறியது. எங்கள் நிலை அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதாத மாணவன் எங்கள் விடுதியில் இல்லை.

ஆனால், இடம் கொடுத்த துறையே பணத்துக்கும் வழி செய்தது. இளநிலை மாணவர்களின் ஆய்வகத்தை நடத்த, விடைத்தாள் திருத்தத் துறைக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் என்று பெயர். வாரம் 20 மணி நேர உழைப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது; வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதச் சம்பளம் வேறு. என் வகுப்பில் அமெரிக்கா போனவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போனார்கள். வீட்டில் வாங்கிய கடன் விமான டிக்கெட்டுக்கு மட்டும். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய அந்தக் கடனை முதல் ஆண்டிலேயே அடைத்துவிட்டேன். டாலர் அப்போது 17 ரூபாய்ச் சொச்சம். நான் தோற்றுத் திரும்பியிருந்தாலும் வீடு வீடாகவே இருந்திருக்கும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். என் தங்கை என்னைவிட நன்றாகப் படித்தவள். இயற்பியலில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அவளுக்கு ஏரோகிராம் வாங்கித் தர வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வழிகாட்ட ஒரு சீனியர் இல்லாத கல்லூரியில் படித்தவர்களுக்கும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கியவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

பிறகு கதவு திறந்தது. 2000இல் அந்நியச் செலாவணிச் சட்டம் மாறியது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் கல்விக் கடனுக்கு மாதிரித் திட்டம் வகுத்தது. 2004இல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர். இப்போது ஒரு பெண் மதுரையில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரே மாலையில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறாள். என் தங்கைக்குக் கிடைக்காதது அவள் மகளுக்குக் கிடைத்ததில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியோடுதான் அவர்களுடன் வங்கிக்குப் போனேன். 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் சொத்து ஜாமீன் கேட்கிறார்கள். மேஜைமேல் தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் அடுக்கப்பட்டன. வக்கீல் ஒவ்வொரு பத்திரமாகப் புரட்டி, இடையில் ஒரு பாகப்பிரிவினையில் கையெழுத்து விட்டுப்போனதைப் பிடித்தார். அதைச் சரிசெய்ய மச்சானின் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டியிருந்தது. மதிப்பீட்டாளர் வந்து சமையலறை வரை அளந்து போனார். கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில், பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணம் பதிவாயிற்று. வெளியே வந்ததும் தங்கை, "அண்ணே, பிள்ளை நல்லபடியா வந்துரும்ல?" என்று கேட்டாள். மகள், "மாமா, நான் அடைச்சிருவேன்" என்றாள். இருவருக்கும் பதிலாக ஒரு கணக்கைத்தான் என்னால் எழுதிக் காட்ட முடிந்தது.

ஓராண்டுச் செலவு 38,000 டாலர். இரண்டாண்டுக்கு 65 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதில் 50 லட்சம் கடன்; மீதி மச்சானின் பி.எஃப். பணம். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முழுக் கடனும் கைக்கு வந்த பிறகு மாதம் 43,750 ரூபாய் வட்டி மட்டும் ஏறும். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். வட்டி அதற்காக நிற்பதில்லை. 50 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க மாதம் 67,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஏறிய வட்டியும் அசலில் சேர்ந்தால் இன்னும் கூடும். சென்னையில் புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர்கள் பலருக்கு இதில் பாதிகூடச் சம்பளம் இல்லை. ஆக, இந்தக் கடனை அமெரிக்க வேலை ஒன்றுதான் அடைக்கும்.

அந்த வேலைக்கு உறுதி உண்டா? படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அது மளிகைக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. படித்து முடித்தபின் ஓராண்டு வேலை அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் இரண்டாண்டு. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 85,000 பேர் என்ற எச்-1பி வேலை விசா வரம்புக்குள் தேர்வாக வேண்டும். அந்த விதிகளும் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. எங்கள் காலத்தில் மாணவன்மேல் பந்தயம் கட்டியது பல்கலைக்கழகம். இன்று கட்டுவது அவன் குடும்பம். வைப்பது குடியிருக்கும் வீட்டை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்றும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு முடக்குக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாக மாணவரின் செலவுக்கே திரும்பி வருகிறது. ஜெர்மன் மொழி படிக்கும் உழைப்பு தனி. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892 முதல் கடன் உதவித்தொகை தந்துவருகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவித்தொகையும் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அமெரிக்காவிலும் துறையே சம்பளம் தரும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. கன்சல்டன்சிகளில் பல, மாணவரைச் சேர்த்துவிடும் கல்லூரியிடமிருந்து கமிஷன் வாங்குகின்றன. கட்டணமில்லாத இடத்தைப் பற்றி அங்கே யாரும் வலியப் பேசமாட்டார்கள்.

நான் திரும்பி வந்து ஆசிரியரானேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, ஊர் திரும்ப நேர்ந்தால் எந்தச் சம்பளத்தில் அடைப்பாய் என்று எழுதி வரச் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் என் வேண்டுகோள் இதுதான். விண்ணப்பம் போடும் முன்பே, பிள்ளையையும் உட்காரவைத்து இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றாவதற்கு விடை இல்லையென்றால் பத்திரத்தை வங்கியில் கொடுக்காதீர்கள். செலவு குறைந்த நாட்டையோ பல்கலைக்கழகத்தையோ தேடுங்கள், ஓராண்டு தள்ளிப்போனாலும் பரவாயில்லை.