ஐந்தரை மணியைக் கடத்துவது எப்படி?

பெரம்பூரில் பாஸ்கெட்பால் ஆடி வளர்ந்து, கல்யாணமாகி, இ.எம்.ஐ.யோடு ஓ.எம்.ஆர். பக்கம் குடிபோனவர்களுக்கு மட்டும் இது. வியாசர்பாடி ஃபுட்பால்காரர்களும் வண்ணாரப்பேட்டை கேரம்காரர்களும் படிக்க வேண்டாம். கேரமுக்கு 2024-ல் உலகக் கோப்பை ஜெயித்த காசிமா இருக்கிறார். பாக்ஸிங்குக்கு 'சார்பட்டா' படமே வந்துவிட்டது.

முதலில் காலை அடக்க வேண்டும். சாயங்காலம் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் ஷூவைத் தேடிப் பழகிய கால் அது. சோழிங்கநல்லூரில் சங்கு இல்லை. இருந்தாலும் ஐந்தரைக்குத் தேடும். அந்த நேரத்தில் ஒரு மீட்டிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை அணைத்துவிட்டால், மேஜைக்கடியில் கை டிரிப்ளிங் செய்வது யாருக்கும் தெரியாது.

அடுத்து, அபார்ட்மென்ட் கோர்ட். ஆப்பில் ஸ்லாட் போட்டுத்தான் போக வேண்டும். வளையம் அங்கேயும் அதே பத்தடி உயரம், வலை மட்டும் புத்தம் புதுசு. நம்ம கோர்ட்டில் வலை கிழிந்து வருஷக்கணக்காகியிருக்கும். அதனால் பந்து உள்ளே போச்சா, இல்லையா என்று தினம் ஒரு பஞ்சாயத்து. லோகோவில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் தீர்த்துவைப்பார். அவரும் ஒரு டீமில் ஆடுகிறவர், ஆகவே தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பஞ்சாயத்தே இல்லை. தனியாக இருபது ஷாட் போடுங்கள். உருண்டோடும் பந்தை இருபது தடவையும் நீங்களே போய் எடுங்கள். பாதி ஆசை அதிலேயே போய்விடும்.

பழைய ஆட்களைக் கூப்பிடலாமே? யாரிடம் நம்பர் இருக்கிறது? பத்து வருஷம் சேர்ந்து ஆடியும் நிஜப் பெயர் தெரியாது. கேரேஜ், லெஃப்டி, தயிர்சாதம், அவ்வளவுதான். யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை, போனால் இருப்பார்கள். "நைனா, அடுத்த டீம் யாரு?" என்று கேட்டுவிட்டால் நீங்களும் ஆட்டத்தில் ஆள். 1891-ல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்கு 13 விதி எழுதினார். தோற்ற டீம் வெளியே உட்காரணும் என்பது அதில் இல்லை, ஆனால் எங்களை உயிரைக் கொடுத்து ஆட வைத்தது அதுதான். வெளியே உட்கார்ந்தால்தான் கதையும் நடக்கும்: யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தக் கடை அத்தோவில் எண்ணெய் அதிகம்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஐ.சி.எஃப். வேலை கிடைக்கும் என்று வீட்டில் சொல்லித்தான் எல்லோரும் கிளம்புவோம். ரயில்வேக்கு ஆடிய அனிதா பால்துரை 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நான் வாங்கியது முட்டிக்கு ஒரு எக்ஸ்ரே. ஆறாத மனசுக்கு அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

அதற்கும் அடங்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கிற சாக்கில் பெரம்பூர் போங்கள். ஷூ கூடவே கூடாது. கம்பி வேலிக்கு வெளியே நின்று சும்மா பாருங்கள். உள்ளே ஒரு பொடியன் தலையை எண்ணுவான், ஐந்து பேர் இருப்பார்கள்.

"அங்கிள், ஒரு ஆள் கம்மி."

செருப்பை போஸ்ட்டுக்குப் பின்னால் விடுங்கள். முன்னால் விட்டால் மிதிபடும்.