கப்பல் மாமாவின் பத்துச் சதம்

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகக் காசு மாற்றும் கடைகள். டொலர், பவுண்ஸ், யூரோ என்று எந்த நாட்டு நோட்டைக் கொண்டுபோனாலும் சிரித்த முகத்தோடு வாங்குவார்கள். குத்தியைக் கொண்டுபோனால் மட்டும் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கனடாவிலிருந்து வருகிறவர்களின் காற்சட்டைப் பையில் மிஞ்சும் சில்லறைக்கு இலங்கையில் மதிப்பு இவ்வளவுதான். அந்தச் சில்லறையை எழுந்து நின்று வரவேற்கும் ஒரே வீடு களுபோவிலவில், ஆஸ்பத்திரிக்குப் பின்புறமாகப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுக்காரர் இளைப்பாறிய இலிகிதர். உறவினர் வட்டத்தில் அவருடைய பெயர் கப்பல் மாமா.

மாமா கப்பலில் வேலை பார்த்தவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு லோஞ்சில் போன ஒரே கடற்பயணத்திலும் கரை தட்டும்வரை கண்ணைத் திறக்காதவர் அவர். பாய்மரக் கப்பல் பொறித்த நாணயங்களைச் சேர்க்கிறார், அவ்வளவுதான். சட்டதிட்டங்கள் கடுமையானவை. பாய் இருக்க வேண்டும். புகைபோக்கி இருக்கக் கூடாது. உலோகமாக இருக்க வேண்டும். கொழும்புத் துறைமுகத்தைக் காட்டும் நம்முடைய 20 ரூபா நோட்டு இதனால் தள்ளுபடி. இந்தியாவின் பழைய 10 ரூபா நோட்டில் ஓர் அழகான பாய்மரக் கலம் உண்டு. அதை ஒருவர் அன்போடு கொண்டுவந்து நீட்டியபோதும் மாமா அசையவில்லை. "காகிதக் கப்பல் விடுற வயசு எனக்குப் போட்டுது," என்றார்.

சேகரிப்பின் பெரும்பகுதி கனடாவின் பத்துச் சதம். 1937 முதல் அதில் இருப்பது நோவா ஸ்கோஷியாவின் மீன்பிடிப் பாய்க்கப்பல் புளூநோஸ். 1921இல் கடலில் இறக்கப்பட்டது. மீன்பிடித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பந்தயம் ஓடி வென்றது. 1946இல் ஹெயிட்டிக் கடலில் பாறையில் மோதி முடிந்தது. நாணயத்தை வரைந்தவர் இமானுவேல் ஹான் என்ற சிற்பி. இதில் மாமாவுக்குப் பிடித்த கதை வேறு: தன் நாணயத்தில் இருப்பது புளூநோஸ்தான் என்று கனடா அரசு வாய்திறந்து ஒப்புக்கொண்டது 2002இல். அதாவது, சட்டைப் பையில் கிடந்த கப்பலை அடையாளம் காண அறுபத்தைந்து வருடம். அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்தவருக்கு இது தாமதமாகவே படவில்லை.

குத்திகள் வந்து சேர்ந்ததும் பரிசோதனை நடக்கும். கருவி, மருமகள் கொண்டுவந்து பிரிஜ் கதவில் ஒட்டிய நயாகரா நீர்வீழ்ச்சிக் காந்தம். கனடாப் பத்துச் சதத்தில் வெள்ளி 1968ஆம் ஆண்டோடு நின்றது. அதன்பின் வந்த நிக்கல் குத்தி காந்தத்தில் ஒட்டும், 2000க்குப் பின் வந்த உருக்குக் குத்தியும் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஆகவே ஒட்டாத குத்திக்காக மாமா தவம் கிடப்பார். காந்தம் போன கதவிலிருந்து மின்சாரப் பில் கீழே விழுந்து, அலுமாரிக்கு அடியில் போய், கடைசியில் சிவப்பு அறிவித்தல் வரும்வரை மாமி தேடுவார். சேகரிப்புக் கலையின் செலவுக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை.

ஒருமுறை ஸ்காபரோவிலிருந்து வந்த பொதியில் 1967ஆம் ஆண்டுக் குத்தி ஒன்று இருந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை! மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். கப்பலைக் காணோம். ஒரு மீன் கிடந்தது. கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய அந்த வருடம் எல்லாக் குத்திகளிலும் பறவையும் விலங்குமாகப் போட்டு, பத்துச் சதத்துக்கு மெக்கரல் மீனை ஒதுக்கியிருந்தார்கள். "டின் மீன்," என்று மாமி பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிட்டார்.

லண்டன் உறவுகள் மூலம் வந்தவை பிரித்தானிய அரைப்பென்னிகள். 1937 முதல் 1967 வரை அதில் ஓடியது பிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட். உலகைச் சுற்றிய அந்தக் கப்பல் ஜாவாவை விட்டால் நன்னம்பிக்கை முனை என்று நேரே போய்விட்டது; நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்பானியர்களைக் கேட்டால் டிரேக் கடற்கொள்ளைக்காரன். நம்மைக் கேட்டால், வராமல் போனதால் நல்ல மனிதன். வந்தவர்களுடைய கணக்கும் மாமாவிடம் உண்டு: போர்த்துக்கலின் இரண்டரை எஸ்கூடோவில் பாய் விரித்த கரவெல் கப்பல். ஒல்லாந்தர் 1802இல் தங்கள் கிழக்கிந்தியப் பகுதிகளுக்கென்று கப்பல் பொறித்த வெள்ளிக் கில்டர் அடித்தார்கள். அதே வருடம் ஏமியன்ஸ் உடன்படிக்கையில் இலங்கையை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மாமாவிடம் அந்தக் கில்டர் இல்லை. அதன் விலையை மாமியிடம் சொல்லும் துணிவும் இல்லை.

கிரேக்கத்தின் யூரோ சதங்களும் வந்தன. 2 சதத்தில் பாய்மரப் போர்க்கப்பல், ஏற்றுக்கொள்ளப்பட்டது. 5 சதத்தில் எண்ணெய்க் கப்பல், விதிப்படி நிராகரிக்கப்பட்டது. ஆனால் 2022இல், நாடே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு பெற்றோல் வரிசையில் நின்றபோது, களுபோவிலவுக்கு வந்து சேர்ந்த ஒரே எண்ணெய்க் கப்பல் அதுதான் என்பதால் மாமா அதைத் திருப்பி அனுப்பவில்லை.

வாங்கிச் சேர்ப்பதைவிட மாமாவை அலைக்கழிப்பது ஒரு கேள்வி. நம்மவர் காசில் கப்பல் எங்கே? 1025இல் கடாரம்வரை படை அனுப்பிய இராஜேந்திர சோழனின் காசில் புலி, மீன், வில். மீன் இருக்கிறது, கடலில் போன வாகனம் இல்லை. 1344இல் இபுன் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து அவனுடைய கப்பல்களைப் பற்றியும் எழுதிவைத்தார். யாழ்ப்பாணத்துச் சேது நாணயத்திலோ நந்தி சாவகாசமாகப் படுத்திருக்கிறது. கோட்டைச் சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு மூக்கு முட்டப் பார்த்தும் மாமாவுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சாதவாகனர் வெளியிட்ட ஈயக்காசுதான் விதிவிலக்கு. இரட்டைப் பாய்மரக் கப்பல். கிடைத்ததும் சோழமண்டலக் கரையில். ஆனால் நூறு வருடம் கடந்த தொல்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவரச் சட்டம் விடாது. மாமா படத்தை வெட்டி ஒட்டிவைத்திருக்கிறார். காகிதம்தான், ஆனால் அதைச் சுட்டிக்காட்டுகிறவர்களுக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி கிடையாது.

மாமியின் வாதம் எளிமையானது. 1961இல் தெற்குக் கடலின் பெரிய இராவணன் கோட்டைப் பாறைகளுக்குள் மைக் வில்சன் குழுவினர் மூழ்கி, ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்களை மூட்டை மூட்டையாகக் கண்டெடுத்தார்கள், ஆர்தர் சி. கிளார்க் அதைப் புத்தகமாகவும் எழுதினார். "மற்றவை கப்பலுக்குள்ள காசு தேடினவை. நீங்கள் காசுக்குள்ள கப்பல் தேடுறியள்."

மாமா வாயடைத்துப் போகவில்லை. அவருக்கு வல்வெட்டித்துறை கைகொடுத்தது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார், மனைவியின் பெயரைச் சூட்டி புளோரன்ஸ் சி. ரொபின்சன் ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிச் சென்ற அது, 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதே வருடம் ஒக்ரோபரில், பொஸ்ரன், குளொஸ்ரர் கடலில்தான் புளூநோஸ் தன் கடைசிப் பெரும் பந்தயத்தை ஓடி மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே கடல். பக்கத்து ஊரிலிருந்து வந்தது பத்துச் சதத்தில் ஏறிவிட்டது. பாதி உலகம் கடந்து வந்ததற்கு ஒரு சதமும் இல்லை.

எனவே அன்னபூரணிக்கு ஞாபகார்த்த நாணயம் கேட்டு மத்திய வங்கிக்கு எழுத மாமா முடிவுசெய்தார். சித்திரமும் தயார். வெள்ளவத்தைச் சலூனில் அதை விரித்துக் காட்டியபோது வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் முகச்சவர நுரையோடு எழுந்து வந்து பார்த்தார்.

"ஏன் அண்ணை, கப்பல் இடப்பக்கம் பார்த்துப் போகுது?"

"கனடாக் குத்தியிலையும் அப்பிடித்தான்."

"இடப்பக்கம் மேற்கு. வெளிநாட்டுக்குப் போறமாதிரிக் கிடக்கு. வலப்பக்கம் திருப்பி விடுங்கோ, வீட்டை வரட்டும்."

இது மாமாவுக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் வராத கப்பலை வந்ததாகக் காட்டினால் சரித்திரப் பிழை என்று அடுத்த கதிரையிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. சலூன் இரண்டாகப் பிரிந்தது. தீர்ப்புக்காக மாமா சித்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். மாமி கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே பார்த்தார்.

"இடப்பக்கமே போகட்டும். திரும்பி வந்தாலும் மூண்டு கிழமைதான் நிக்கும். அதுக்குள்ள கதிர்காமம், நுவரெலியா எண்டு நாங்கள்தான் வான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரியவேணும்."