அம்பி மாமா பதில்கள்: காற்றுள்ளபோதே கேட்டுக்கொள்!

(தணிக்கைத் துறையில் 34 வருஷம் அடுத்தவன் கணக்கில் ஓட்டை தேடியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் படகில் ஓட்டை அடைத்தவர். இப்போது திருவான்மியூர் வாசற்படியில் ஓய்வு.)

● படகோட்டி என்றாலே எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் வருகிறது. உங்களுக்கு?
– மதுரை வாசகர்

வாளி. 1964-ல் வந்த அந்தப் படத்தில் அவர் படகில் பாட்டு இருந்தது. என் படகில் தண்ணீர் இருந்தது.

● உங்கள் படகுக்கு என்ன பெயர்?
– தஞ்சை வாசகி

‘அம்பி’. பழந்தமிழில் நாவாய், கலம், வங்கம், பஃறி, ஓடம் என்று படகுக்கு ஏகப்பட்ட பெயர். அதில் அம்பியும் ஒன்று. எங்கள் தெருவில் அம்பி என்றால் நான். ஆகவே ‘அம்பி கவிழ்ந்துட்டானாம்’ என்று சேதி வந்தால், எந்த அம்பி என்று விசாரித்துவிட்டுத்தான் வீட்டில் அழ ஆரம்பிப்பார்கள்.

● அது என்ன ரகப் படகு மாமா?
– வேலூர்

எண்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956-ல் வரைந்த வடிவம். நீளம் 4 மீட்டர் சொச்சம், இரண்டு பேர் போகலாம், மூன்றாவது ஆள் ஏறினால் நீந்தலாம். என்னுடையது ஒட்டுப்பலகை. அந்த ரகத்துக்கு அடையாளமே நீலப் பாய். முதன்முதலில் பார்த்தபோது வீட்டம்மா சொன்னது: “துணி நன்னாயிருக்கே. ஜன்னலுக்கு ஆகும்.” தீர்க்கதரிசி.

● படகு வாங்க எவ்வளவு செலவாகும்?
– கோவை

பழைய படகை ஒரு நண்பனோடு பங்கு போட்டு வாங்கினேன். பாதி ஸ்கூட்டர் விலைதான் ஆயிற்று. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவானேன் என்பார்கள். படகு விஷயத்தில் அங்குசம்தான் யானை: கயிறு, கப்பி, வார்னிஷ், மறுபடி வார்னிஷ். தணிக்கை மொழியில் இதற்குப் ‘பயனற்ற செலவினம்’ என்று பெயர். வீட்டிலிருந்து மாதம் ஒரு ஆட்சேபக் குறிப்பு வரும். எல்லாம் இன்றுவரை நிலுவை.

● போர்ட், ஸ்டார்போர்ட்: எது இடது, எது வலது?
– திருச்சி

போர்ட் இடது. முன்பு அதற்கு ‘லார்போர்ட்’ என்று பெயர். புயல் இரைச்சலில் ‘லார்’, ‘ஸ்டார்’ இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்து திண்டாடியதால், 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை ‘போர்ட்’ என்றே சொல்லும்படி உத்தரவு போட்டது. இரவில் ஸ்டார்போர்டில் பச்சை விளக்கு, போர்ட்டில் சிவப்பு. இடது பக்கம் சிவப்பு என்பதை நம்மூர்க்காரனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

● எதிர்க்காற்றில் பாய்மரப் படகு போகுமா?
– ஈரோடு

நேராகப் போகாது. காற்று வரும் திசைக்கு இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 45 டிகிரி விலகி, கோணல்மாணலாக மாறி மாறிப் போக வேண்டும். கிழக்கே இருக்கும் மிதவையை அடைய முதலில் வடகிழக்கு, பிறகு தென்கிழக்கு, மறுபடி வடகிழக்கு. எங்கள் ஆபீசில் இதற்கு ‘ஃபைல் நகர்கிறது’ என்பார்கள்.

● கப்பல் வேகத்தை ஏன் ‘நாட்’ என்கிறார்கள்?
– பள்ளி ஆசிரியை, சேலம்

நிஜமாகவே முடிச்சுதான் டீச்சர். சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு பலகையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணல் கடிகாரம் கொட்டித் தீர்வதற்குள், சுமார் அரை நிமிஷம், எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறதோ அத்தனை நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1,852 மீட்டர். கடலில் முடிச்சு கூடக் கூட வேகம். கரையில் மூன்று முடிச்சு போட்டதும் ஆள் நின்றுவிடுகிறான்.

● மாமி படகில் ஏறியதுண்டா?
– மயிலாப்பூர் மாமி

ஒரே ஒரு தடவை. சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். இது என் கைக்குப் பழக ஆறு மாசம் ஆயிற்று. அவள் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டாள். “எப்படிடீ?” என்றேன். “உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும்னா எதிர்ப்பக்கம் தள்ளினாத்தானே நடக்கும்? பழக்கம்தான்” என்றாள்.

● போட்டோவில் உங்கள் நெற்றியில் தழும்பு தெரிகிறதே?
– கூர்ந்து பார்ப்பவர், குடந்தை

பாயின் அடியில் கிடையாக ஒரு கழி இருக்கும். பெயர் பூம். காற்று பக்கம் மாறினால் படகின் குறுக்கே சட்டென்று பாயும். ‘பூம்’ என்றால் டச்சு மொழியில் மரம். தலையில் பட்டால் வருகிற சத்தமும் அதேதான்.

● கடல் பயணத்தில் குமட்டல் வராமலிருக்க என்ன வழி?
– அறந்தாங்கி

படகுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. உட்காது ‘ஐயோ ஆடுகிறது’ என்கிறது. பஞ்சாயத்து வயிற்றுக்குப் போகிறது. அடிவானத்தைப் பாருங்கள், இஞ்சி மெல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், டிரஃபால்கர் வீரர் நெல்சனுக்கே இந்த உபத்திரவம் உண்டு. வாந்தி எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் மட்டும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பங்காளி பார்க்கவில்லை. என் மூக்குக்கண்ணாடி சாட்சி.

● கட்டமரான் என்பது தமிழ்ச் சொல்தானே? மார்தட்டிக்கொள்ளலாமா?
– தமிழன், தாம்பரம்

மெதுவாகத் தட்டுங்கள். நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம். உலகம் இன்று கட்டமரான் என்பது இரட்டை உடல் படகு. அந்த வடிவத்தில் பாலினீசியர்கள் பசிபிக்கையே அளந்தார்கள். 1876-ல் நத்தேனியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படி ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் விட, அது மற்ற எல்லாவற்றையும் முந்தியது. ‘இது படகே இல்லை’ என்று தோற்றவர்கள் சண்டை பிடித்தார்கள். மறு வருஷம் அவர் காப்புரிமை வாங்கிவிட்டார். பெயர் நமக்கு, வடிவம் பாலினீசியனுக்கு, பேட்டண்ட் அமெரிக்கனுக்கு. மார்தட்டின நேரத்தில் நாமும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாம்.

● பெண்கள் பாய்மரப் படகு ஓட்ட முடியுமா?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பெயர் வேண்டாம் என்றீரே, அது புத்திசாலித்தனம். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன். சென்னைப் பெண். 2021-ல் டோக்கியோவில் அவர் தனி ஆளாகப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நான் எந்தச் சேனல் என்று தெரியாமல் ரிமோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

● நீச்சல் தெரியாமல் படகு ஓட்டலாமா?
– விழுப்புரம்

ஜோஷுவா ஸ்லோகம் 1895-ல் கிளம்பி 1898-ல் திரும்பினார். தனியாகப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். நீச்சல் தெரியாது. இதைக் கேட்டுவிட்டு உடனே கிளம்பாதீர்கள். 1909-ல் அவர் மறுபடி கிளம்பினார். திரும்பவில்லை.

● கவிழ்ந்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாக...?
– காரைக்குடி

என்ன ஆசை பாருங்கள் மனுஷருக்கு! சரி.

ஒரு மே மாதம். சென்னையில் அந்த மாசத்தில் காலையில் மேல்காற்று, நிலத்திலிருந்து அனலாக வீசும். தரை நன்றாகச் சுட்டபிறகு மதியம்போல் கடல்காற்று உள்ளே புகும். நடுவே கொஞ்ச நேரம் இரண்டும் ‘நீயா நானா’ என்று நிற்கும். காற்றே இருக்காது. அந்த நேரம் பார்த்து, பாயைத் தளர்த்தாமல் கயிற்றைக் கட்டிவைத்துவிட்டு, நானும் பங்காளியும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

தூரத்தில் தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு கோடு வந்தது. “மேக நிழல்” என்றேன். நான் கெஜட்டட் அதிகாரி, பங்காளி நம்பினான். அது நிழல் இல்லை, கடல்காற்று. அடுத்த நிமிஷம் பாய் தண்ணீரில், நாங்கள் பாயின்மேல். பங்காளி மிதந்தான், டிபன் டப்பா மிதந்தது, என் மானம்தான் முழுகியது.

வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மீனவர் திரும்பி வந்து கயிறு போட்டார். “இன்னா சார், காத்து மார்றது தெர்ல?” என்றார். தலையைத் தொங்கப் போட்டேன். படகு நிமிர்ந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. எங்கள் படகுக்குள் எட்டிப் பார்த்தார். வலை இல்லை, தூண்டில் இல்லை. “மீன் புடிக்கவும் போவல. அப்பால எதுக்கு சார் கடலுக்குப் போற?”

பாராளுமன்றக் கேள்விக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்தவன் நான். இதற்கு எழுத வரவில்லை.

● கடலில் டிராஃபிக் ரூல் உண்டா?
– ஓ.எம்.ஆரில் சிக்கியவர்

உண்டு. 1972 சர்வதேச விதிப்படி, பொதுவாக இன்ஜின் படகு பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும். அதே விதிப்புத்தகத்தில் இன்னொரு இடம்: குறுகலான கால்வாயில் பெரிய கப்பலுக்குச் சின்னப் படகும் பாய்மரப் படகும் இடைஞ்சல் செய்யக் கூடாது. முதல் விதியை மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாவதைத் தண்ணீர் லாரி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கும்.

● காற்றைத் தமிழன்போல் அறிந்தவன் உண்டா?
– புலவர், புதுக்கோட்டை

வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவன் ஆயிற்றே! கரிகாலனின் முன்னோர் ஒருவர் காற்றையே வேலை வாங்கியதாகப் புறநானூறு சொல்கிறது. என் விஷயத்தில் காற்று வேலை வாங்கியது. 1805-ல் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை தரம் பிரித்தார். நாம் இப்போது ரெகுலேட்டரில் 1 முதல் 5 வரை பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

● துறைமுகம் வருவதற்கு முன் மதராஸில் எப்படி இறங்கினார்கள்?
– ராயபுரம்

கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகு போய் ஆளை அள்ளிவரும். ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கரை ஓரத்தில் துரைமார் பூட்ஸ் நனையாமலிருக்க நம்மாள் தோளில் தூக்கி இறக்குவான். 1639-ல் தூக்கினோம். இறக்கிவிட 308 வருஷம் ஆயிற்று.

● பக்கிங்ஹாம் கால்வாயில் இன்று படகு விடலாமா?
– அடையாறு

மூக்கைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு வரவும். 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஜனங்கள் வெட்டிச் சேர்த்தது, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பெயரில் நிற்கிறது. விறகும் உப்பும் படகில் வந்த பாதை. இப்போது நகருக்குள் அதன் தலைக்குமேல் பறக்கும் ரயில். தண்ணீரில் போனது ஆகாயத்தில் போகிறது. ஆகாயத்திலிருந்து வரும் தண்ணீர்தான் எப்படிப் போவது என்று தெரியாமல் நம் வீட்டுக்குள் வருகிறது.

● கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு விட்டேன். நானும் உங்கள் ஜாதிதானே?
– திண்டுக்கல்

அது சைக்கிள் ஜாதி. ஆனாலும் ஏரிக்கு ஒரு கும்பிடு போடுங்கள். 1863-ல் ஓடையை மறித்து அதை உண்டாக்கிய லெவிஞ்ச் துரை, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். மலைக்கு மோட்டார் ரோடு இல்லாத காலம். ஓடம் வண்டியில் ஏறும் என்றுதான் பழமொழி. ஓடம் மலையே ஏறியிருக்கிறது. நமக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிறது.

● படகிலேயே உலகம் சுற்ற ஆசை இருந்ததா?
– ராமநாதபுரம்

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969-ல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்தார். 312 நாள். அவருடைய ‘சுஹைலி’ கட்டப்பட்டது நம் பம்பாயில். 2013-ல் நம் கடற்படையின் அபிலாஷ் டோமியும் அதே மாதிரி சுற்றிவந்தார். என்னிடம் பாக்கி இருந்த கேஷுவல் லீவ் 4 நாள்.

● ஓய்வுக்குப் பின் ‘அம்பி’ என்ன ஆனான்? படகைத்தான் கேட்கிறேன்.
– நெல்லை

வாசலில் குப்புறக் கிடக்கிறான். அடிப்பலகைமேல் ஈரத்துணி விரித்து வீட்டம்மா ஜவ்வரிசி வடாம் இடுகிறாள். சாய்வாக இருப்பதால் வெயில் நன்றாகப் படுகிறதாம். நீலப் பாயில் ஒரு பாதி ஹால் ஜன்னலுக்குப் போய்விட்டது. மறு பாதி எனக்குப் பந்தல். அதன்கீழ் நாற்காலி, கையில் துடுப்பு. காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த வடாம் காவல்காரன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவன்தான்.

● பேரனுக்குப் படகு கற்றுத்தருவீர்களா?
– பாட்டி, பாளையங்கோட்டை

சிறுவர்களுக்கென்றே ‘ஆப்டிமிஸ்ட்’ என்று 2.3 மீட்டரில் ஒரு குட்டிப் படகு உண்டு, 1947-ல் ஃபுளோரிடாவில் பிறந்தது. படம் காட்டினேன். பயல் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கடல்ல டவர் கிடைக்குமா தாத்தா?”
“கிடைக்காதுடா.”
“அப்போ அம்மா கூப்பிட முடியாதா?”
“முடியாது.”
“எப்போ கிளம்பறோம்?”

அந்த மீனவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

● மாமா, சில பதில்களைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறீர்களே, ஏன்?
– தூத்துக்குடி

அதற்குப் பல காரணங்கள் உண்டு. முதலாவது... ஏய்! சூ! சனியனே, அந்தப் பக்கம் போ!