சம்பளமில்லா உத்தியோகம்

கேள்வி: விக்கிப்பீடியாவில் காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் யார்? வேலைவெட்டி இல்லாதவர்களா?

பதில்: அப்படி எழுதுகிறவர்களில் ஒருவரான அமெரிக்கர் ஸ்டீவன் புரூயிட்டுக்கு வேலை இருந்தது. அமெரிக்கச் சுங்கத் துறையில் பகலெல்லாம் ஆவணங்களோடு மல்லுக்கட்டுவார். வீடு திரும்பினால் விக்கிப்பீடியா! ஆங்கிலப் பதிப்பில் 2019 வாக்கிலேயே ஏறக்குறைய 30 லட்சம் திருத்தங்கள், 35,000 கட்டுரைகள். அத்தனையும் விரல் நோக அடித்தவை என்று எண்ண வேண்டாம். கட்டுரையின் வகைப்பாட்டை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மென்பொருள் கைகொடுக்கும்.

2017-ல் இணையத்தில் செல்வாக்கு மிக்கவர்கள் என்று 'டைம்' இதழ் போட்ட பட்டியலில் டிரம்ப், கிம் கர்தாஷியனோடு இவரும் இருந்தார். கமா சரிபார்த்து உள்ளே நுழைந்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முதல் கட்டுரை யாரைப் பற்றி? அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பீட்டர் பிரான்சிஸ்கோ. இவருடைய மூதாதையரில் ஒருவர். குலப்பெருமை நமக்கு மட்டும்தான் சொந்தமா என்ன!

விக்கிப்பீடியாவில் எழுதும் புனைபெயரிலோ பெருமையே இல்லை. புச்சீனியின் 'ஜானி ஸ்கிக்கி' ஓபராவில் உயில் எழுத வந்து போகிற நோட்டரியின் பெயரை வைத்துக்கொண்டார்.

இவருடைய தாயார் சோவியத் யூனியனிலிருந்து வந்தவர். செய்தியை அரசாங்கம் அளந்து ஊற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அறிவு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற பிடிவாதம். கலைக்களஞ்சியத்தில் பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகள் குறைவு என்பது இவரை உறுத்தியது. புலம்பவில்லை, விடுபட்ட பெண்களைப் பற்றி நூற்றுக்கணக்கில் எழுதிச் சேர்த்தார்.