பாவ்லோவின் நாய்க்குக் கிடைத்த வைத்தியம்

கொல்கத்தாவின் கோப்ரா பகுதியில் ஓர் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. பெயர் பாவ்லோவ். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று உலகுக்குக் காட்டிய அதே ருஷ்யரின் பெயர்தான். அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தை ஆராய்ந்ததற்காக. உடம்பைப் பற்றிய கவலையிலேயே ஆயுளைக் கழித்த மனிதர். நாயின் கன்னத்தில் துளையிட்டு, எச்சிலைக் குழாயில் பிடித்து, சொட்டுச் சொட்டாக எண்ணிக் குறித்துவைத்தார். நாய்களை அறுக்கும் அறையைக்கூட மனிதருக்கான அறுவை அறைபோலச் சுத்தமாக வைத்திருந்தார். 1935-இல் லெனின்கிராடில் நாய்க்குச் சிலையும் எழும்பியது.

2022-இல் மேற்கு வங்க சுகாதாரத் துறையின் ஆய்வுக் குழு, அவர் பெயர் தாங்கிய இந்த மருத்துவமனைக்குள் நுழைந்தது. இருட்டும் ஈரமுமான இரண்டு அறைகளில் 13 நோயாளிகள் பூட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாட்டின் தரமும் மோசம். விளக்கம் கேட்டுக் கண்காணிப்பாளருக்கு நோட்டீஸ் போனது. அங்கே நாய்க்குச் சிலை. இங்கே மனிதருக்குப் பூட்டு.

பெயர் வைப்பதில் கொல்கத்தாவை யாரும் மிஞ்ச முடியாது. ஊரின் இன்னொரு பழைய மனநல மருத்துவமனையான லும்பினி பார்க்கை 1940-இல் தொடங்கியது, ஃப்ராய்டோடு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த கிரீந்திரசேகர் போஸின் உளப்பகுப்பாய்வுச் சங்கம். பெயரோ புத்தர் பிறந்த ஊருடையது. ஆக, இங்கே மனம் பேதலித்தவரை வரவேற்க ஃப்ராய்டும் பாவ்லோவும் புத்தரும் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே போனபின் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கத்தான் ஆள் தேட வேண்டும்.

தீவிர மனநோயாளிகள் எதனால் சாகிறார்கள் என்று தெருவில் கேட்டுப் பாருங்கள். ரயில் முன் பாய்வார்கள், மாடியிலிருந்து குதிப்பார்கள் என்பார்கள். தற்கொலை அவர்களிடையே அதிகம்தான். ஆனால் பெரும்பாலோரைக் கொல்வது பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கொல்லும் அதே மாரடைப்பும் சர்க்கரையும் நுரையீரல் நோயும் தொற்றும்தான். ஒரே வித்தியாசம், தாத்தாவுக்கு வருவதற்குப் பத்து, இருபது வருடம் முன்னாலேயே இவர்களுக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. 2018-இல் இதற்கென்றே தனி வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. அரசாங்கத்தின் கணக்குப்பிள்ளை கண்ணோடு பார்த்தால் இது பெரிய சாதனை. ஆளுக்குப் பதினைந்து வருடச் சோறு மிச்சம், மாத்திரை மிச்சம், கட்டில் மிச்சம். இவ்வளவு சிக்கனமாக ஓடும் நலத்திட்டம் நாட்டில் வேறு உண்டா?

இந்தத் திட்டத்தின் நடைமுறை எளிது. ஒருவருக்குக் காதில் குரல் கேட்கிறது. ஒலான்சபின் கொடுக்கிறார்கள். குரல் அடங்குகிறது, பசி அடங்குவதில்லை. எடை ஏறுகிறது, இடுப்பு பெருக்கிறது, ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன. குற்றம் மருந்தின் மேல் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு வாழ்க்கையே இல்லை. ஆனால் மருந்தை எழுதும் கைக்கு ஒரு கடமை உண்டு. தொடங்கும்போது எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், பிறகு வருடந்தோறும். 2004-லேயே அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து இப்படியொரு பட்டியலை எழுதிவைத்துவிட்டன. லித்தியம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம். க்ளோசபின் கொடுத்தால் முதல் 18 வாரமும் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை.

இதற்கு ராக்கெட் வேண்டாம். ஓர் எடை மெஷின், ஒரு பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கும் ஒரு குளுக்கோமீட்டர், ஓர் இஞ்சு டேப். நம் உடல்வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பைத் தாண்டினால் அபாயம். துர்கா பூஜை நெருங்கினால் கொல்கத்தாவின் கரியாஹாட் தையற்காரர் ரவிக்கை தைக்க வந்தவரின் அளவை நோட்டில் எழுதி, போன வருடத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். அந்த அளவு அக்கறைகூட மனநோயாளியின் கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை. உடம்புக்கான பக்கம் காலியாக இருக்கும். மாத்திரைப் பெயருக்குக் கீழே "அதே மருந்து தொடரவும்" என்று மாதாமாதம் கையெழுத்து விழும்.

அரசு மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளிப் பிரிவு. பெயர் வேண்டாம், எந்த ஊரில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு ரூபாய் டிக்கெட்டோடு தங்கையை அழைத்து வந்திருக்கிறாள் அக்கா.

"டாக்டர்பாபு, வயித்துக்குள்ள யாரோ கல்லைப் போட்டுட்டாங்கன்னு அஞ்சு நாளா அழுறா."

"என்ன மாத்திரை சாப்பிடுது?"

அக்கா சீட்டை நீட்டுகிறாள். க்ளோசபின். டாக்டரின் முகத்தில் தெளிவு பிறக்கிறது. வயிற்றில் கை வைக்க வேண்டியதில்லை.

"இது அந்த வியாதிதாம்மா. மென்டல் டிபார்ட்மென்ட்ல காட்டுங்க."

அங்கே போனால், "வயிறா? மெடிசினுக்குப் போங்க."

மணி அடித்ததும் எச்சில் ஊறியது நாய்க்கு. மனநோய் மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் கை பின்வாங்குகிறது டாக்டருக்கு. க்ளோசபின் குடலை மந்தமாக்கும். கடும் மலச்சிக்கல் முற்றிக் குடல் அசைவே நின்று ஆள் சாவது மருத்துவ நூல்களில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பெண் தனக்குத் தெரிந்த மொழியில் நோயைச் சரியாகவே சொன்னாள். வயிற்றில் கல்தான். கேட்டவர்கள் அதை மனப்பிரமை என்று எழுதிக்கொண்டார்கள். யாருக்கு உண்மை புலப்படவில்லை என்பதை இனி நீங்களே முடிவுசெய்யலாம்.

நோயாளியை இப்படிப் பந்தாடுவதற்கு வங்காளப் பத்திரிகைகள் "ரெஃபர் ரோக்", அதாவது ரெஃபர் வியாதி, என்றே பெயர் வைத்திருக்கின்றன. 2024-இல் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் படுகொலை செய்யப்பட்ட பிறகு தெருவில் உட்கார்ந்து போராடிய இளம் மருத்துவர்களின் பத்துக் கோரிக்கைகளில் ஒழுங்கான ரெஃபரல் முறையும் ஒன்று. புத்தி சுவாதீனமுள்ளவனே அலைக்கழியும் ஊரில், தன் வலியைச் சொன்னாலும் நம்பப்படாதவரின் கதி என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரை எல்லா மருத்துவ சேவையிலும் உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சையும் ஆம்புலன்ஸும் அதே தரத்தில் வேண்டும். 20-ஆவது பிரிவு சுத்தமான இடம், சுகாதாரம், மானம் மறைக்கும் உடை எல்லாம் உரிமை என்கிறது. 97-ஆவது பிரிவு தனிமைச் சிறையைத் தடுக்கிறது. இவ்வளவும் அச்சேறி ஐந்து வருடம் கழித்துத்தான் அந்த இரண்டு இருட்டறைகள். 2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம், நாட்டின் 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலையும் மனிதத்தன்மையற்றது என்று சொல்லி நோட்டீஸ் விட்டது. நாற்பத்தாறில் ஒன்றாவது தேறியிருக்கக் கூடாதா? இந்தியாவில் வேறெந்தத் துறையிலும் வடக்கு தெற்கு பேதமில்லாத இப்படியொரு தேசிய ஒருமைப்பாட்டை நான் பார்த்ததில்லை.

வங்காளத்தைத் திட்டிவிட்டு நாம் மீசையை முறுக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை பற்றி எரிந்தபோது 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். காலில் சங்கிலி. நாடே பதறியது, உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, சங்கிலி கெட்ட வார்த்தையானது. நெருப்பில் சாவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, பத்திரிகை வரும். சர்க்கரையில் சாவதற்கு யார் வருவார்? கால் புண் அழுகி, வெட்டி, ஒரு நாள் கட்டில் காலியானால் அது செய்தியில்லை, அட்மிஷனுக்கு இடம்.

முடியாத காரியமா என்றால், இதே கொல்கத்தாதான் முடியும் என்று காட்டியிருக்கிறது. ஈஸ்வர் சங்கல்ப என்ற அமைப்பு 2007 முதல் நடைபாதையில் வாழும் மனநோயாளிகளை நடைபாதையிலேயே கவனித்துவருகிறது. பக்கத்து டீக்கடைக்காரர் சோறும் மாத்திரையும் வேளைக்குக் கொடுப்பார். பட்டமில்லாத டீக்கடைக்காரருக்கு வேளை தவறாமல் நினைவிருப்பது, பட்டம் வாங்கிய துறைக்கு வருடத்துக்கு ஒருமுறைகூட ஞாபகம் வராதாம். பாவ்லோவ் மருத்துவமனையிலேயே அஞ்சலி அமைப்பின் முயற்சியில் நோயாளிகள் சலவைக்கூடம் நடத்தினார்கள், தேநீர்க்கடை நடத்தினார்கள். மருத்துவமனைத் துணியை வெளுக்கத் தெரிந்தவருக்குத் தன் நெஞ்சு வலிப்பதைச் சொல்லத் தெரியாதா?

ஆகவே தயவுசெய்து இன்னொரு விழிப்புணர்வு ஊர்வலம் வேண்டாம். உலக மனநல நாளான அக்டோபர் 10-க்குப் பச்சை ரிப்பனும் பலூனும் வேண்டாம். அமைச்சர் குத்துவிளக்கேற்றிக் கருணை பற்றிப் பேசவே வேண்டாம். மனநோய் மாத்திரை எழுதும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் எடை, இடுப்பு, பி.பி., சர்க்கரை, தேதி, பார்த்தவர் கையெழுத்து என்று ஆறு கட்டம் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்த வேளை யாருடையது என்று டியூட்டி ரிஜிஸ்டரில் பாருங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் மீறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இரண்டாம் முறை மீறினால் சிறை இரண்டு வருடம் வரை போகலாம். அந்தப் பிரிவில் ஒருவர் மேல், பியூன் மேலல்ல, கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் மேல், வழக்குப் போடுங்கள். மறுநாள் காலையில் நாட்டின் அத்தனை வார்டுகளிலும் இஞ்சு டேப் வந்துவிடும். நம் அதிகாரிகளுக்கும் மணி அடித்தால் காது கேட்கும். இதுவரை யாரும் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.